இறால் வடைக்காக நாற்பது நாளும் ஆறு நிமிடமும்

மன்னார் பட்டினத்தில் சட்டை தைக்கும் அருளம்மாவுக்கு ஐம்பத்தொரு வயது. தையல் மெசினில் இருந்தபடியே, காற்றில் வரும் வாசத்தைப் பிடித்து, பஸ் நிலையத்தடியில் பவ்ஸானின் சட்டியில் எத்தனையாவது ஈடு இறால் வடை வேகிறது என்று சொல்லிவிடுவாள். கடலை வண்டிக்கார றெனால்ட் அவளைக் கண்டால், கேட்காமலேயே மிளகாய்த்தூளை இரட்டிப்பாகத் தூவுவான்.

அப்படிப்பட்டவள், விபூதிப் புதன் பூசை முடிந்த கையோடு, மாதா கோயில் முற்றத்தில் நின்று சொன்னாள்: "இந்தத் தவக்காலம் முழுக்க வெளிக்கடைப் பலகாரம் ஒண்டும் வாயில வைக்கமாட்டன்!"

மீன் லொறி ஓட்டும் அவளுடைய கணவர் அமிர்தநாயகம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நீயோ? நீ மட்டும் தாங்கினா, உயிர்த்த ஞாயிறு பவ்ஸான்ர வண்டிக்கு முன்னால நிண்டு ரெண்டு காதையும் பிடிச்சுத் தோப்புக்கரணம் போடுறன். 'நான் சொன்னது பிழை' எண்டும் சொல்லுறன்!"

முற்றமே கொல்லென்று சிரித்தது. அருளம்மா சிரிக்கவில்லை. முப்பது வருடத் தாம்பத்தியத்தில் அந்த மனிதர் வாயிலிருந்து 'பிழை' என்ற சொல் ஒருநாளும் வந்ததில்லையே! அதைக் கேட்காமல் கண்மூடுவதா?

தாங்கினாள். வடை வாசம் வந்தால் யன்னலைச் சாத்தினாள். பஸ் நிலையப் பக்கமே போகாமல் சுற்றுப்பாதையில் நடந்தாள். பிழை விட்டதும் அங்கேதான்.

உயிர்த்த ஞாயிறு வந்தது. வீட்டில் உலை வைக்கவில்லை. நடுப்பகலில், புதுச்சேலை பறக்க, கணவரின் மோட்டார் சைக்கிளில் போய் இறங்கினாள். பவ்ஸானின் வண்டி படங்குத் துணியால் மூடிக் கிடந்தது.

"ரமழான் நோன்பெல்லே அக்கா!" என்றாள் பக்கத்துப் பழக்கடை ஸஜானா. "அஞ்சு மணிக்குப் பிறகுதான் சட்டி ஏறும்."

ஐயோ! ஸஜானாவின் பெருநாள் சட்டைக்குக் கை வைத்துத் தைத்தவளே அருளம்மாதான். நோன்பு நடப்பது தெரிந்தும், பகலில் வடைச்சட்டி ஏறாது என்பது மட்டும் அவள் மண்டையில் ஓடவில்லை.

"கடை பூட்டு. பந்தயமும் முடிஞ்சுது" என்றார் அமிர்தநாயகம்.

"முடியேல்ல! அதுவரைக்கும் என்ர கடையெல்லாத்தையும் கண்ணாலயாவது காட்டுங்கோ. நான் பட்டினி எண்டா நீங்களும் பட்டினி!"

றெனால்ட் பாஸ்குத் திருநாளுக்கு வெள்ளாங்குளத்து மாமியார் வீட்டுக்குப் போயிருந்தான். பூட்டிய வண்டியைத் தடவிக் கொடுத்தாள். முசலிப் பக்கத்துச் சம்பூசாக் கடையும் பூட்டு. அதன் கதவுக்கு ஒரு முத்தம்! "விசரி, விசரி" என்று முனகியபடி, வயிறு கூவக் கூவ, அமிர்தநாயகம் மன்னார்ப் பாலத்தைத் தாண்டித் திரும்பினார்.

மாலையில் பவ்ஸானின் வண்டிக்கு முன்னால் பெரிய வரிசை. முறை வந்ததும், இறால்கள் முறைத்துப் பார்க்கும் எட்டு வடைகளைக் கடதாசியில் சுற்றிக் கொடுத்தான். "நாப்பது நாளா எங்க போனீங்க அக்கா? சூட்டோட சாப்பிடுங்க!"

அருளம்மா வாய் திறந்தாள். சுற்றிப் பார்த்தாள். விடியமுன்னம் தொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காத முகங்கள்.

"இவையள் பாத்துக்கொண்டு நிக்க நான் எப்பிடித் தின்னுறது? நோன்பு துறக்கிற பாங்குக்கு எவ்வளவு நேரம்?"

"ஆறு நிமிசம்."

"நாப்பது நாள் பொறுத்தனான். ஆறு நிமிசம் பெரிசோ!" பொட்டலத்தைக் கணவரிடம் கொடுத்துவிட்டு, கலங்கிய கண்களைத் துடைத்தாள்.

கறுக்!

வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. அமிர்தநாயகத்தின் உதட்டோரம் ஒரு இறால் வால் ஆடிக்கொண்டிருந்தது.

"உப்புப் பாத்தனான்..." என்றார்.

"உப்புப் பாக்க ரெண்டு வடையோ அண்ணே?" என்றான் பவ்ஸான். நோன்புக் களைப்பெல்லாம் பறந்து வரிசை குலுங்கிச் சிரித்தது.

அவர் வாலை விழுங்கினார். மெல்ல இரண்டு காதையும் பிடித்தார். "எனக்கு ஆறு நிமிசம் ஏலாமப் போச்சு. நான் சொன்னது பிழை, அருள்."

"கேக்கேல்ல!"

"பிழை! பிழை! பிழை!" ஒவ்வொன்றுக்கும் ஒரு தோப்புக்கரணம். வரிசையே சேர்ந்து எண்ணியது. மூன்றாவதில் அவர் குந்தியிருந்த நேரம் பள்ளிவாசல் பாங்கு கேட்டது.

பவ்ஸான் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டான். அருளம்மா வடையைக் கடித்தாள். அமிர்தநாயகம் இன்னும் எழும்பவில்லை, முழங்கால் பிடித்துவிட்டது.