மேட்டில் நின்றுபோகும் ஜீப்

வசந்தமலருக்கு அந்த ஜீப்பைக் கண்டாலே எரிச்சல் வரும். ஹொல்ம்லியா என்ற புறநகரில் அவர்களுடைய தொடர்மாடியின் நிலக்கீழ்க் கராஜில், அவளைவிடப் பத்து வயது மட்டுமே இளமையான அந்த வண்டி பச்சை வர்ணத்தில் மினுங்கிக்கொண்டு நின்றது. நாலு சில்லும் சேர்ந்து இழுக்கும் பழைய வண்டி. அவளுடைய கணவர் மகேந்திரராசா பஸ் ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு பண்ணையின் கொட்டிலில் கறள் பிடித்துக் கிடந்ததை வாங்கி வந்தார். லீவு நாள்களெல்லாம் அதற்குத்தான். தகரத்தை வெட்டினார், ஒட்டினார், சுரண்டினார், பூசினார். மகள் தர்மினி கலியாணம் முடித்து நகரின் மறுபக்கமுள்ள குரோருட்டுக்குப் போனபோதும் அப்பாவின் நகத்தில் பச்சை வர்ணம் இருந்தது.

எல்லாம் முடிந்து எஞ்சின் மட்டும் மிச்சம் என்ற நேரத்தில் அவருக்குக் கை நடுங்கத் தொடங்கியது. முதலில் தேத்தண்ணிக் கோப்பை. பிறகு சட்டைப் பொத்தான். டொக்டர் நோயின் பெயரைச் சொன்னார், மருந்து தந்தார். எஞ்சினுக்குப் பெற்றோலைக் காற்றோடு கலந்து கொடுக்கும் கார்புரேற்றருக்குள் இருக்கிற ஜெற் முதலான பித்தளைத் துண்டுகள் பருப்பளவுதான். பிடித்துக் கழற்றப் போனால் விரல் ஆடும், துண்டு விழுந்து கராஜ் நிலத்தில் உருளும். ஒருநாள் அவர் அப்படியே முழந்தாளில் நின்று, தேடாமல், சுவரைப் பார்த்துக்கொண்டிருந்ததை வசந்தமலர் கண்டாள்.

"விடுங்கோ. நான் கழற்றிறன்," என்றாள்.

இளம் வயதில் வடகோடிக் கடற்கரையில், பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலையில் வேலை செய்தவள் அவள். கூரான சின்னக் கத்தியோடு, குளிரில் விறைத்த விரல்களால் முள் எடுத்த கை. கை பிசகவில்லை. பிசகியது வாய்தான், இருவருக்கும்.

"மெல்ல, மெல்ல! மரை அறுந்துபோடும்."

"மெல்லத்தான் திருப்பிறன்."

"அந்த மிதவையை வளைக்காதை எண்டெல்லோ சொன்னனான்."

"அப்ப நீங்களே செய்யுங்கோவன்!"

சொன்னவுடனே அவளுக்கு நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டும் போல் இருந்தது.

வண்டி உடனே ஸ்ரார்ட் ஆகும். கராஜில் பூனை போல் உறுமிக்கொண்டு நிற்கும். வெளியே எடுத்து ஏற்றத்தில் விட்டால், பாதி மேட்டில் இருமும், விக்கும், நின்றுவிடும். பின்னால் வருகிறவர்கள் கோர்ன் அடிப்பார்கள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தால் ஒன்றும் நடவாததுபோல் மறுபடி ஸ்ரார்ட் ஆகும். எங்கோ பெற்றோல் தடைப்படுகிறது என்றார் மகேந்திரராசா. கார்புரேற்றரைக் கழற்றிக் கழுவி, துளைகளுக்குக் காற்று அடித்துப் பூட்டினார்கள். வண்டி திரும்பவும் நின்றது. பெற்றோலைத் திறந்து மூடும் ஊசியைப் புதிதாகப் போட்டார்கள். நின்றது. உள்ளே பெற்றோல் மட்டத்தைக் காக்கும் மிதவையின் உயரத்தைக் கூட்டினார்கள், குறைத்தார்கள். மேட்டில் நின்றது.

பெற்றோல் மணம் படி ஏறி மேலே போக, குடியிருப்புச் சபைத் தலைவி கரோலினா கீழே வந்தாள். மரியாதையாகத்தான் பேசினாள். ஆனால் இந்தக் கோடைக்குள் வண்டி ஓட வேண்டும், இல்லாவிட்டால் வேறு இடம் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள். வசந்தமலருக்கு அவமானமாக இருந்தது. அன்றிரவு உடுப்பை இரண்டு தரம் தோய்த்தும் மணம் போகவில்லை.

அடுத்த சனிக்கிழமை மறுபடி அதே மேடு, அதே இருமல், அதே நிற்பு.

"நீ ஜெற்றை இறுக்கேல்லை," என்றார் மகேந்திரராசா.

"இறுக்கினனான்."

"இறுக்கியிருந்தா ஏன் நிக்குது?"

"எனக்கென்ன தெரியும்? நானா இதை வாங்கினனான்? ஆஸ்பத்திரிக் குசினியிலை கிழமை முழுக்கச் சட்டி கழுவிப்போட்டு, சனி ஞாயிறு உங்கடை சட்டியையும் நான்தான் கழுவிறன்!"

இறங்கிக் கதவை அடித்துச் சாத்தினாள். பெற்றோல் அளவு காட்டும் முள் வேலை செய்வதில்லை. முடிந்துதான் போய்விட்டதோ என்று பெற்றோல் தாங்கியின் மூடியைத் திருகித் திறந்தாள். உஸ் என்று நீளமாகச் சத்தம் வந்தது. உள்ளே காற்றை யாரோ உறிஞ்சிக் குடிப்பதுபோல்.

"இஞ்சேருங்கோ, இது ஏன் மூச்சு விடுது?"

மகேந்திரராசா திரும்பினார். "திரும்ப மூடு. திற." இந்தமுறை சத்தம் இல்லை. சாவியைத் திருப்பினார். எஞ்சின் அந்தக் கணமே பிடித்தது. அவர் ஸ்ரேரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

பழைய மூடி கறள் பிடித்ததென்று பளபளப்பான புதிய மூடி ஒன்றை எடுப்பித்தவர் அவர்தான். பழையதில் காற்றுப் போகச் சின்னத் துளை இருந்தது. புதியதில் இல்லை. மேட்டில் எஞ்சின் பெற்றோலை அதிகம் இழுக்க இழுக்க, உள்ளே காற்று வர வழியில்லாமல் தாங்கி இறுகி, பெற்றோலைப் பிடித்து வைத்திருக்கிறது. கார்புரேற்றரில் ஒரு பிழையும் இருக்கவில்லை.

"பிழை என்ரைதான், மலர்," என்றார்.

அவளுக்குச் சந்தோசம் வரவில்லை. வசந்தகாலம் முழுவதையும் யாரோ பறித்துக்கொண்டதுபோல் இருந்தது. வீதியோரக் கல்லில் குந்தியவள், அழுகையும் சிரிப்புமாக ஏதோ ஒன்று வந்து முடியும்வரை எழும்பவில்லை.

துளையுள்ள மூடி வந்தது. ஆனால் அத்தனை தரம் குடைந்த கார்புரேற்றர் இப்போது உண்மையாகவே குழம்பிக் கறுப்புப் புகை தள்ளியது. அதைச் சரிக்கட்ட இன்னும் இரண்டு சனிக்கிழமைகள் போயின. அவர் கண்ணை மூடிச் சத்தத்தைக் கேட்பார், அவள் திருகாணியைத் திருப்புவாள். பிறகு அவர் ஓட்டினார். மேடு முழுவதும் ஏறி, உச்சியில் நிறுத்தாமல் அப்படியே காட்டுப் பக்கம் போய்த் திரும்பி வந்தார்கள்.

ஆடி மாதம் டொக்டர், இனி வாகனம் ஓட்டக்கூடாது என்று சொல்லிவிட்டார். வசந்தமலருடைய லைசென்ஸ், கியர் மாற்றத் தேவையில்லாத ஒட்டோமற்றிக் வண்டிக்கு மட்டும்தான். கியர் வண்டியை அவள் வீதியில் எடுக்கவே முடியாது. ஓடாத வண்டியைச் சரிக்கட்டியாயிற்று, இப்போது ஓட்ட ஆள் இல்லை. விற்போம் என்று மகேந்திரராசா சொன்னார். அவள் விடவில்லை. ஏன் என்று அவளுக்கே தெளிவில்லை. இவ்வளவு எரிச்சலை யாருக்கோ விற்றுவிட மனம் வரவில்லை.

இப்போது புதன்கிழமைகளில் ஓட்டுநர் பள்ளிக்குக் கியர் பழகப் போகிறாள். முதல்நாள் வட்டச்சந்தியில் பள்ளிக் கார் நின்று, பின்னால் பஸ்காரன் கோர்ன் அடிக்க, கன்னமெல்லாம் சிவந்து வீட்டுக்கு வந்தாள்.

"கிளச்சைக் கெதியா விட்டிருப்பாய்," என்றார் மகேந்திரராசா.

"ஒரு சொல்லும் கதைக்கக்கூடாது," என்றாள் அவள். சப்பாத்தைக் கழற்றாமலே ஜீப்பின் சாவியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். கராஜில், எஞ்சினைப் போடாமல், கிளச்சை மிதித்துக் கியரை மாற்றி மாற்றிப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் அவரும் வந்து பக்கத்துச் சீற்றில் ஏறி இருந்தார். கதைக்கவில்லை.