நாலு விரல் உயரத்தில் ஓர் ஊர்

அரியலூரிலிருந்து ஜெயங்கொண்டம் போகிற சாலையில் ஒரு எடைமேடை இருக்கிறது. சுண்ணாம்புக்கல் லாரிகள் அதன்மேல் ஏறி நின்று, எடை போட்டுச் சீட்டு வாங்கிக்கொண்டு போகும். அந்தச் சீட்டைக் கொடுக்கிறவர் அமல்தாஸ். என் அம்மாவின் தம்பி. பதினான்கு வருடமாக அதே நாற்காலி. அறையின் ஜன்னல் லாரிச் சக்கரத்துக்கு நேராக இருப்பதால், அவர் பார்க்கிற உலகம் டயரும் சேறும் டிரைவர்களின் செருப்பும்தான். முகம் பார்க்க வேண்டுமானால் கழுத்தை ஒடிக்க வேண்டும்.

இதை அவர் குறையாகச் சொன்னதில்லை. கீழேயிருந்து பார்த்தால் ஊர் எப்படியிருக்கும் என்று யோசித்திருக்கிறார். அவ்வளவுதான்.

அந்த யோசனைக்காக ஒரு ரோபோ செய்தார். யூடியூப் பார்த்துச் செய்ததுதான். உடைந்த பொம்மை ஜீப்பின் சக்கரங்கள், கூரியரில் வந்த இரண்டு மோட்டார், தீப்பெட்டி அளவில் ஒரு போர்டு, எல்லாவற்றையும் சுமக்க ஒரு சோப்பு டப்பா. முன்னால், திரை விரிசல் விட்ட பழைய போன் படுத்த வாக்கில். கையிலிருக்கும் இன்னொரு போனால் அதை ஓட்டுவார், படமும் எடுப்பார். முதல் நாள் அது கட்டிலுக்கடியில் புகுந்து மூன்று மணி நேரம் வெளியே வரவில்லை. நாங்கள் அதை எலி என்போம். அவர் வண்டி என்பார்.

மழை பெய்து ஓய்ந்த ஞாயிற்றுக்கிழமைதான் அவருக்குப் பண்டிகை. மாதா கோயிலில் பூசை முடிந்ததும் பஸ் ஸ்டாண்டுக்கு வண்டியோடு போய்விடுவார். தேங்கிய தண்ணீரை நின்று பார்த்தால் சேறு. நாலு விரல் உயரத்திலிருந்து பார்த்தால் ஒரு முழு பஸ்ஸும், பின்னால் செல்போன் டவரும், மேகமும் அதற்குள் தலைகீழாக இருக்கும்.

குன்னம் லாரி டிரைவர் முத்துவேல் ஒருமுறை படங்களைப் பார்த்துவிட்டுக் கேட்டார். "ஏன் சார், பஸ்ஸ நேராவே எடுத்தா என்ன?"

"நேரா எல்லாரும்தான் பாக்கிறாங்களே."

"அதுவும் சரிதான். எடுங்க, எடுங்க. சம்பளம் மட்டும் தலைகீழா வாங்கிறாதீங்க."

போன ஐப்பசியில் ஒரு ஞாயிறு, வண்டியின் முதுகில் நான் ஒரு ரப்பர் பல்லியை ஒட்டிவைத்தேன். காரணம் எதுவுமில்லை, பல்லி கையில் இருந்தது. மாமா கவனிக்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் வண்டி தண்ணீரைத் தேடி ஒரு பெஞ்சுக்குப் பக்கமாக உருண்டது. உட்கார்ந்திருந்த ஒரு அம்மா பல்லியைப் பார்த்துக் காலைத் தூக்கினார். பிறகு உற்றுப் பார்த்தார்.

"இந்தா, இதுல கேமரா இருக்குடி."

இரண்டு நிமிடத்தில் கூட்டம். "யார்து இது?" என்று ஒருவர் கேட்டார். மாமா இருபது அடி தள்ளி நின்றிருந்தார். பேசாமல் நடந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அவரோ பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினார்.

"என்துங்க."

முதல் அறை யார் கையிலிருந்து வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. மாமா கன்னத்தைப் பிடிக்காமல் குனிந்து வண்டியை எடுத்தார். பல்லியைப் பிய்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். என்னை ஒருமுறை பார்த்தார். மற்ற நாளில் எட்டு ஊருக்குக் கேட்கப் பேசுகிற நான், பல்லி என்னுடையது என்று சொல்லவில்லை.

அரியலூர் சின்ன ஊர். பொம்பளை காலைப் படம் பிடித்தவன் என்று ஒரு பெயர் விழுந்தால், எடைமேடை நாற்காலி மட்டுமல்ல, கோயிலில் உட்காரும் இடமும் போய்விடும்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு சசிகலா வந்தார். கட்டணக் கழிப்பிட வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பவர். "அடிக்காதீங்க. அடிச்சு வுட்டுட்டா, என்ன எடுத்திருக்காருன்னு யாரு பாக்கிறது?" என்றவர் மாமாவிடம் கையை நீட்டினார். "தொறந்து குடுங்க."

அதற்குள் ஒரு போலீஸ்காரர் வந்துவிட்டார். "இங்க வேணாம்மா. ஸ்டேஷன்ல வெச்சுப் பாத்துக்கிறோம்."

"இல்லிங்க சார். தப்பா எதுவும் இருந்துச்சுன்னா அத நீங்க நாலு பேரு சுத்தி நின்னு பாக்கணுமா? நான் பாக்கிறேன். பாத்துட்டுச் சொல்றேன்."

போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார்.

ஆயிரத்துச் சொச்சம் படங்கள். சசிகலா ஒவ்வொன்றாகப் பார்த்தார். மாமா மேசைக்கு எதிரே நின்றார், உட்காரச் சொன்னபோதும் நின்றார். தஞ்சாவூர் பஸ் வந்ததும் பாதிக் கூட்டம் நியாயத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போய் சீட்டுப் பிடித்தது.

"இது எங்க?"

"செந்துறை ரோடுங்க. டயர்க் கடை எதிர."

"இது?"

"இதே எடந்தாங்க. உங்க மேசைக்குப் பின்னால."

சசிகலா திரும்பிப் பார்த்துவிட்டு, போனைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். பிறகு அடுத்த படம்.

ஒரு மணி நேரத்துக்குமேல் ஆனது. கடைசியில் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

"மூணு படம் இருக்கு. தண்ணியத் தாண்டறதுக்குப் பொடவையத் தூக்கிப் புடிச்சிருக்காங்க. முழங்கால் தெரியுது. நீங்க அதுக்காவ எடுக்கல, பஸ்ஸுக்குத்தான் எடுத்திருக்கீங்க. எனக்குப் புரியுது. அந்த மூணு பேருக்கும் அது தெரியாதுல்ல?"

"தெரியாதுங்க."

"அப்ப கேஸ் வேணாமாம்மா?" என்றார் போலீஸ்காரர்.

"வேணாம் சார். அந்த மூணையும் அழிச்சுட்டுப் போவட்டும்."

மாமா போனை எடுத்தார். விரல் வெகுநேரம் திரையில் இருந்தது. எட்டிப் பார்த்த சசிகலா, "எல்லாத்தையுமா? நான் மூணுதான சொன்னேன்" என்றார்.

"அந்த மூணையும் நான் எத்தினியோ தடவ பாத்திருக்கேங்க. எனக்கு பஸ்ஸுதான் தெரிஞ்சுது. மிச்சத்துல என்னென்ன தெரியாமப் போச்சோ."

"மிச்சத்த நான் பாத்துட்டன். ஒண்ணுமில்ல."

"இருக்கட்டுங்க."

நிரந்தரமாக நீக்கவா என்று போன் கேட்டது. நீக்கினார். சசிகலா, "அந்த டவரு படம் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். மாமா தலையை ஆட்டினார். போலீஸ்காரர் கடமைக்கு அவர் பேரை நோட்டில் எழுதிக்கொண்டார்.

கேஸ் இல்லை என்பது ஊரில் பாதிப் பேருக்குத்தான் தெரியும். மீதிப் பேர் அவர் எதிரே வந்தால் சாலையின் அந்தப் பக்கம் போகிறார்கள். பல்லியைப் பற்றி அவர் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. இதை அம்மா படிக்க நேர்ந்தால்தான் தெரியும்.

அதோடு படம் எடுப்பதை விட்டுவிட்டார் என்று எழுதினால் கதை நன்றாக முடியும். விடவில்லை. இப்போது விடிகிற நேரத்தில் பெரம்பலூர் போகிறார், கடைகள் திறக்குமுன். மூடிய ஷட்டர்களும் வெறும் தெருவும். யாராவது வந்துவிட்டால் வண்டியைக் கையில் தூக்கிக்கொண்டு ஓரமாக நிற்கிறார், அவர்கள் போகும்வரை.

போன வாரம் நானும் கூடப் போனேன். இரவு பெய்த மழை நன்றாகத் தேங்கியிருந்தது. தெருப் பெருக்கும் அம்மா ஒருவர் அந்த முனையிலிருந்து வந்தார். மாமா வண்டியைத் தூக்கிக்கொண்டார்.

"என்னமோ பண்ணிக்கிட்டிருந்தீங்களே, பண்ணுங்க. நான் ஓரமாப் போயிக்கிறேன்."

"நீங்க முடிச்சுட்டுப் போங்கம்மா. எனக்கு அவசரமில்ல."

அவர் நிதானமாகப் பெருக்கினார். தேங்கிய தண்ணீரையும் விளக்குமாற்றால் சாக்கடைப் பக்கம் தள்ளிவிட்டார். மாமா பார்த்துக்கொண்டே நின்றார். முதல் ஷட்டர் திறந்ததும் நாங்கள் பஸ் ஏறிவிட்டோம்.