காற்று பார்த்து ஓடியவன்

ஒன்பதாம் வகுப்பில் முதல் முறையாகச் செங்கல்பட்டில் நடந்த கிராஸ் கண்ட்ரி நெடுந்தூர ஓட்டத்துக்குப் போய், எல்லாருக்கும் கடைசியாக வந்தேன். சாதாரணக் கடைசி இல்லை. நான் மைதானத்துக்குள் நுழைந்தபோது கோட்டருகே ஒரு ஈ காக்கை கிடையாது. கூட வந்த பையன்கள் புளிசாதப் பொட்டலத்தை முடித்துவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். எங்கள் டிரில் மாஸ்டர் என்னைப் பார்த்து, "அட, நீ இன்னும் வரலியா?" என்றார். வந்து நிற்கிறவனிடம் கேட்கிற கேள்வியா அது? பஸ் ஏறும்போதே முடிவு செய்துவிட்டேன். அடுத்த வருஷம் முதல் ஆறு பேருக்குள் வந்தாக வேண்டும். அந்த ஆறு பேரைத்தான் மாவட்டத்தின் சார்பில் மெட்ராஸுக்கு அனுப்புவார்கள்.

அம்மாவுக்கு வேறு கவலை. "கிராஸுன்னா சிலுவதான? அது சர்ச்சுக்காரங்க ஓட்டமாச்சே, நமக்கு இன்னாத்துக்கு?" என்றாள். பக்கத்துத் தெருவில் ஒரு கிறிஸ்தவ வீட்டில் விசாரித்து, அவர்கள் சிரித்து அனுப்பிய பிறகுதான் என்னை விட்டாள்.

எங்கள் குப்பம் மாமல்லபுரத்தை ஒட்டி இருந்தது. மத்தியானம் தெற்குக் காற்று எழுந்ததும் ஈர மணலில் இறங்கி, வடக்கே அக்காவைக் கட்டிக்கொடுத்த நெம்மேலி வரைக்கும் ஓடுவேன். அக்கா கஞ்சியும் சுட்ட கருவாடும் தருவாள். சாயங்காலம் மீனுக்கு ஐஸ் வாங்க மாமல்லபுரம் வரும் மாமா, அக்கா புருஷன், சைக்கிள் பாரில் என்னை உட்காரவைத்துக் கொண்டுவந்து விடுவார். எதிர்காற்றில் மிதித்து மிதித்து அவருக்கு மூச்சு வாங்கும். "இன்னா மச்சான், ஓட்டக்காரன் நீ, எளைக்கிறது நானா?" என்பார். நான் சிரிப்பேன். அவர் சொன்னதில் விஷயம் இருந்தது என்று அப்போது உறைக்கவில்லை.

திரும்பியும் ஓட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் ஆட்கள் காற்றைப் பார்க்காமல் கடலில் கால் வைக்க மாட்டார்கள். பின்னால் அடித்தால் பாயைக் கட்டுவார்கள், முன்னால் அடித்தால் கரையில் உட்கார்ந்து வலையைப் பிரிப்பார்கள். எதிர்காற்றில் வேண்டுமென்றே போகிறவனுக்கு எங்கள் தெருவில் கிறுக்கன் என்று பெயர்.

பள்ளி திறந்ததும் வகுப்பில் ஒரு புதுப் பையன் சேர்ந்தான். அவன் அப்பா கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் டெக்னீஷியன். குவார்ட்டர்ஸ் கிடைக்காமல் எங்கள் ஊரில் வாடகைக்கு இருந்தார்கள். அவனிடம் கேன்வாஸ் ஷூவும் கைக்கடிகாரமும் இருந்தன. இரண்டுமே எனக்குப் பிடிக்கவில்லை. பள்ளி மைதானத்தில் இருவரும் ஓடியபோது என்னை அரைச் சுற்று பின்தள்ளிவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, "ஏன்டா ஒரு பக்கமா சாஞ்சு ஓடற?" என்று கேட்டான். கடல் எப்போதும் வலது கைப்பக்கம், வலது கால் எப்போதும் சரிவில். சாயாமல் என்ன செய்யும்?

"உன் வாட்ச் சரியா ஓடல" என்றேன்.

"வாட்ச் ஓடுது. நீதான் ஓடல."

அடித்திருப்பேன். ஆனால் மறுநாள் அவனே கடற்கரைக்கு வந்தான். நெம்மேலி வரை என்னோடு ஓடினான், அக்காவிடம் கூச்சமில்லாமல் இரண்டாம் முறை கஞ்சி வாங்கிக் குடித்தான். பிறகு மாமா சைக்கிளை எடுக்கும் நேரத்தில், தெற்கே பார்த்துத் திரும்பி ஓட ஆரம்பித்துவிட்டான். ரோஷத்தில் நானும் ஓடினேன். கண்ணெல்லாம் மணல். பாதி வழியிலேயே நடக்க வேண்டியதாகிவிட்டது. அத்தனை மாதமும் என்னை ஓடவைத்தது தெற்குக் காற்றுதான் என்று அன்றைக்குப் புரிந்தது. 

அப்புறம் தினமும் இரண்டு வழியும் ஓடினோம். துடுப்புப் போடுகிறவர்கள் ஆள் மாற்றிக்கொள்வது போல, எதிர்காற்றில் ஒருவன் முன்னால் ஓடிக் காற்றைத் தன்மேல் வாங்க வேண்டும், மற்றவன் அவன் முதுகு மறைவில் ஓட வேண்டும், அடுத்த குப்பம் வந்ததும் மற்றவன் முன்னால் வர வேண்டும் என்று முறை வைத்துக்கொண்டோம். மழைக்காலத்தில் வாடை திரும்பியது. இப்போது நெம்மேலிக்குப் போவதுதான் பாடு. ஆனால் கார்த்திகை பிறப்பதற்குள் வாடைக்கு எதிரே கதை பேசிக்கொண்டே ஓடினோம். என் சாய்வும் போய்விட்டது. அந்தச் சாயங்காலங்கள் போல உடம்பு எனக்குச் சொந்தமாக இருந்த நாட்கள் பிறகு வரவில்லை. இன்று அந்தக் கரையில் விடுதிகளின் சுவர்கள் குறுக்கே நிற்கின்றன.

பந்தயத்தன்று செங்கல்பட்டு ஏரி நிரம்பித் தளும்பிக்கொண்டிருந்தது. கரைமேல் ஏறியதும் வாடை நேராக முகத்தில் அடித்தது. எங்களுக்கு முன்னால் ஐந்து பேர், எட்டாத தூரத்தில். மிச்சம் ஒரே இடம். சற்றுப் பின்னால் ஒரு காஞ்சிபுரத்துப் பையன் நெருங்கிக்கொண்டிருந்தான். என் நண்பன் முன்னால் ஓடினான். பாதிக் கரையில் என் முறை. பக்கத்தில் ஏறினேன். அவன் கையை வீசி என்னைப் பின்னாலேயே இருக்கச் சொன்னான். இன்னொரு முறை ஏறினேன், வழியை மறித்துக்கொண்டான். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஆறாவது இடத்தை அவனே எடுத்துக்கொள்ளப் பார்க்கிறான் என்றுதான் நினைத்தேன்.

கரை முடிந்ததும் அவன் ஒதுங்கினான். முகம் வெளுத்திருந்தது. "போ மச்சான்" என்றான்.

நான் ஆறாவதாக வந்தேன். அவன் எட்டாவது.

"என் முறைதானே, ஏன்டா வுடல?" என்று கேட்டேன்.

"எனக்கு ஏரிக்கர ஏறும்போதே தம்மு முடிஞ்சிபோச்சு. உனக்கு முறை குடுத்துகினு இருந்தா நீயும் காத்துல எளைச்சி, ரெண்டு பேருக்கும் எடம் போயிருக்கும்." எங்கள் பேச்சு அவனுக்கு நன்றாகவே வந்துவிட்டிருந்தது. நான் எல்லார் முன்னாலும் அழுதேன்.

மெட்ராஸில் பெரிதாக ஒன்றும் கிழித்துவிடவில்லை. ஓரிடத்தில் எதிர்காற்று அடித்தது. எனக்கு முன்னால் யாரோ ஒரு பையன் அகலமான முதுகோடு ஓடிக்கொண்டிருந்தான். அவன் பின்னால் ஒண்டிக்கொண்டால் சுலபம். மனசு வரவில்லை. விலகி, காற்றிலேயே ஓடினேன்.