பத்து நிமிடம் ஓடும் கார்

அவளுக்கு வயது ஐம்பத்திரண்டு. மலையூர்க் கார் பட்டறை ஒன்றில் இருபது வருடமாக சீட் கவர் தைக்கிறாள். ஆனாலும் அண்ணனுக்கு அவள் இன்னும் பாப்பாதான். கீழ்வீட்டில் அவர், மாடியில் அவள். அண்ணி பிரிந்து போய்ப் பல காலம் ஆகிவிட்டது. இவள் கல்யாணப் பேச்சையே எடுக்கவிடவில்லை. ஆக, சண்டை போடவும் சமாதானம் ஆகவும் அவருக்கு இவள், இவளுக்கு அவர்.

அண்ணன் டாக்சி ஓட்டினார். முன்னால் சைக்கிள் போனால், அந்த ஆள் தானாகத் திரும்பிப் பார்க்கும்வரை பின்னாலேயே ஊர்ந்து போவார். ஸ்டாண்டில் அவருக்கு 'ஊமை ஹாரன்' என்றே பெயர். அப்படிப்பட்டவருக்கு நான்கைந்து வருடமாக நெஞ்சிலிருந்து ஓயாத சத்தம். நுரையீரல் கெட்டுப்போய்விட்டது. "விடியக்காலைப் பனியில நிக்காதீங்க" என்று டாக்டர் தலைபாடாக அடித்துக்கொண்டார். யார் கேட்டது? இருட்டு பிரிவதற்குள் பின்முற்றத்துக்குப் போய், கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டி, உறைந்துகிடக்கும் காருக்குள் உட்கார்ந்து, எஞ்சின் சூடாகும்வரை இருமிக்கொண்டிருப்பார். மாடியில் படுத்தபடி அவள் அந்த இருமலை எண்ணுவாள்.

அந்தக் குளிர்காலம் தொடங்கியபோது பட்டறையின் வயரிங் மாஸ்டரைப் பிடித்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வந்து அண்ணனின் காரில் ரிமோட் ஸ்டார்ட்டர் பொருத்திக் கொடுத்தார். வீட்டுக்குள்ளிருந்தே பொத்தானை அழுத்தினால் கார் ஸ்டார்ட் ஆகும், ஹீட்டர் ஓடும். பத்து நிமிடத்துக்குள் யாரும் வந்து சாவியைப் போடாவிட்டால் தானே அணைந்துவிடும்.

"நான் என்ன செத்தா போயிட்டேன், வண்டி தானா ஸ்டார்ட் ஆக?" என்று அண்ணன் எரிந்து விழுந்தார்.

"சாகக் கூடாதுன்னுதான் வாங்கினேன். அழுத்து."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே அழுத்தினார். முற்றத்தில் பழைய எஞ்சின் இரண்டு முறை செருமிவிட்டு ஓடத் தொடங்கியது.

"என்னைவிட நல்லா இருமுதே!" என்றார். வெகு நாளைக்குப் பிறகு அன்று இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

அதன்பின் அவளுக்கு அலாரம் தேவைப்படவில்லை. விடிகாலையில் கார் ஸ்டார்ட் ஆகும். அவள் எழுந்து குளிக்கப் போவாள். வெளியே வரும்போது சத்தம் அடங்கியிருக்கும். அண்ணன் கிளம்பிவிட்டார் என்று எண்ணிக்கொண்டு, முன்வாசல் வழியாக இறங்கி பஸ் பிடிக்க ஓடுவாள். சாயங்காலம் திரும்பினால் அண்ணன் வீட்டில்தான் இருப்பார். "சவாரி எப்படிண்ணா?" என்று கேட்டால், "ஏதோ ஓடுது" என்பார். ஆள் மட்டும் வரவர இளைத்துக்கொண்டே வந்தார்.

குளிர் உச்சத்தில் இருந்த ஒரு நாள், பட்டறையில் கரண்ட் இல்லை, வர வேண்டாம் என்று முதலாளி விடியும் முன்பே போன் செய்தார். மார்க்கெட் வரைக்கும் அண்ணனோடு போகலாம் என்று, கார் சத்தம் கேட்டதுமே பையைத் தூக்கிக்கொண்டு பின்படியில் இறங்கினாள்.

கார் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே யாரும் இல்லை. கைகளை அக்குளில் செருகிக்கொண்டு பக்கத்தில் நின்றாள். கண்ணாடியின் பனி உருகி வழிந்தது. அண்ணன் வரவில்லை. சற்று நேரத்தில் எஞ்சின் ஒரு குலுங்கு குலுங்கி நின்றுபோனது.

சமையலறைக் கதவைத் தள்ளினாள். மேஜை முன்னால் அண்ணன், ஸ்வெட்டர், தொப்பி சகிதம் உட்கார்ந்திருந்தார். கையில் ரிமோட்.

"போகலையாண்ணா?"

அவர் டிராயரைத் திறந்து ஒரு கடிதத்தை நகர்த்தினார். உடல் பரிசோதனையில் தேறவில்லை, டாக்சி லைசென்ஸைப் புதுப்பிக்க முடியாது என்று இருந்தது. தேதியை இரண்டு முறை படித்தாள்.

"ரெண்டு மாசமாவா?"

"ரெண்டரை."

"அப்புறம் எதுக்கு தினமும் இதை அழுத்துறே?"

"நீ ஆசையா வாங்கிக் கொடுத்தே. ஒரு நாள் சத்தம் கேக்கலைன்னாலும் என்னவோ ஏதோன்னு ஓடி வருவே. வந்தா சொல்லணும்." மூச்சு வாங்க நிறுத்தினார். "சொல்ல வாய் வரலை, பாப்பா."

திட்ட வேண்டும் போலிருந்தது. "இனிமே அழுத்த வேணாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலை முற்றத்தில் சத்தமில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. இருட்டில் கண்ணைத் திறந்தபடி படுத்திருந்தாள். இதுவரை கேட்ட பொய்யே தேவலாம் என்று பட்டது. மூன்றாம் நாள் அவளே கீழே போனாள்.

"அழுத்துண்ணா."

"எங்கே போறதுக்கு?"

"எங்கேயும் வேணாம். சும்மா உக்காரலாம்."

முகத்தில் மஃப்ளரைச் சுற்றிக் கைத்தாங்கலாக அழைத்துப்போனாள். அண்ணன் பழக்கத்தில் ஸ்டியரிங் பக்கம் உட்கார்ந்தார், அவள் பக்கத்து சீட்டில். ஹீட்டர் இதமாக வீசியது.

"பயமா இருக்கு" என்றார் அண்ணன், முன்கண்ணாடியைப் பார்த்தபடி.

"எனக்கும்தான்."

எஞ்சின் நின்றது. உள்ளிருந்த சூடு கரையும்வரை இருந்துவிட்டு எழுந்து வந்தார்கள். ஞாயிறுதோறும் அப்படி உட்கார்ந்தார்கள். ஏழெட்டு ஞாயிறு இருக்கும். அதற்குமேல் முற்றம்வரை நடக்கவே அண்ணனால் முடியவில்லை. கட்டிலருகே ஆக்சிஜன் சிலிண்டர் வந்து நின்றது.

குளிர் குறைந்த பிறகு, ஸ்டாண்டில் கூட ஓட்டிய ஒருவர் காரைக் கேட்டார். "கொடுத்துடு" என்றார் அண்ணன். அந்த டிரைவர் எடுத்துப்போக வந்த அன்று அவள்தான் முற்றத்தில் நின்று சாவியையும் ரிமோட்டையும் கொடுத்தாள்.

"அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போறேனே" என்றார் வந்தவர்.

அண்ணனிடம் சொல்ல உள்ளே போனாள். கட்டில் காலியாக இருந்தது. குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே குழாய் முழு வேகத்தில் கொட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணா" என்றாள். தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில் ஒரு விம்மல் கேட்டது.

"தூங்குறாரு" என்று வெளியே வந்து சொன்னாள். கார் தெருமுனை திரும்பியதும் போய்க் கதவைத் தட்டினாள். அதன் பிறகும் அவர் குழாயை மூட வெகுநேரம் ஆயிற்று.