பாலத்தடிக் குப்பத்தின் எட்டுக் கக்கூஸ்

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடிய நாற்பத்திரண்டில் பஞ்சாட்சரம் ஓடவில்லை. மனைவி தேவானையைக் காஞ்சிபுரத்துக்கு ரயிலேற்றிவிட்டு, தீப்பிடித்தால் எங்கெங்கே தண்ணீர் எடுக்கலாம் என்று கிணறு கிணறாக, குழாய் குழாயாகப் பார்த்து, தேனாம்பேட்டையிலிருந்து அடையாறு வரைக்கும் ஒற்றை ஆளாக ஒரு படம் வரைந்தார். பெண்கள் பொதுக் கக்கூஸ்கள்கூட அதில் இருந்தன. அந்தப் படத்தைப் பார்த்த வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஆறு வருஷம் கழித்தும் அந்தக் கதையை அவர் வாரத்துக்கு ஒருமுறையாவது யாரிடமாவது சொல்லிக்கொண்டிருந்தார்.

நாற்பத்தெட்டில் அவருக்கு வயது நாற்பத்தொன்று. மயிலாப்பூர் லஸ் பக்கம் ஒரு மாடி வீட்டில் நடந்த சுகாதாரக் கமிட்டியில் படம் வரைகிற வேலை. முந்தின வருஷம் மழை பொய்த்துவிட்டது. கிணறுகள் வற்றிக் குழாயடிகளில் குடம் உடைகிற சண்டை. ஆறு இடங்களுக்குப் புதுக்குழாயும் பெண்கள் கக்கூஸும் கட்டித் தர அனுமதி வந்திருந்தது. எந்த ஆறு இடம் என்று தீர்மானிக்க ஒரு புதிய படம் வேண்டும் என்றார் இன்ஜினீயர் ராஜகோபாலன்.

"வெளிதேசத்துல ஊர் ஊரா இப்படிப் படம் போட்டு வெச்சுண்டிருக்கா. எங்கே தண்ணி இருக்கு, எங்கே இல்லை, ஜனங்க எங்கே வெளிக்குப் போறா, எல்லாம் ஒரே காகிதத்துல தெரியும். நமக்கு நம்ம தெருவே தெரியலை."

"என் பழைய படம் இருக்கே சார்," என்றார் பஞ்சாட்சரம்.

"அது இருக்கட்டும். புதுசா எண்ணுவோம்."

எண்ணுவதற்கு முதலில் இரண்டு ஆண்களை அனுப்பினார்கள். பின்கட்டுக்குள் அவர்களை யாரும் விடவில்லை. "உங்க வீட்டுப் பொம்பளைங்க எங்க போறாங்க?" என்று கேட்ட இடத்தில் ஒருவருக்கு விளக்குமாற்றடி விழுந்தது. அதன் பிறகுதான் ஹாஜிரா பீயைக் கூப்பிட்டார்கள்.

ஹாஜிரா பீ தேனாம்பேட்டையில் பிரசவம் பார்க்கிறவர். ஆஸ்பத்திரியில் பயிற்சி எடுத்தவர். நாற்பத்தைந்து வயது, வெள்ளைத் துப்பட்டி, கையில் ஆண்பிள்ளைக் குடை. முஸ்லிம் வீடோ இந்து வீடோ குடிசையோ, அவர் நுழையாத பின்கட்டு அந்த வட்டாரத்தில் இல்லை. தமிழ் சரளமாகப் பேசுவார், எழுத வராது. பார்த்ததையெல்லாம் உருதுவில் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வந்து, மத்தியானம் பஞ்சாட்சரத்தின் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து படித்துச் சொல்வார். கேட்டுக்கேட்டு இவர் படத்தில் புள்ளி வைக்க வேண்டும். குழாய்க்கு நீலம், கிணற்றுக்குப் பச்சை, கக்கூஸுக்குச் சிவப்பு.

முதல் வாரத்திலேயே தகராறு வந்தது.

"இந்தத் தெருவுல குழாய் இருக்குதுங்க. ஆனா தண்ணி பகல் ரெண்டுலருந்து மூணு வரைக்கும்தான். ஒரு மணி நேரத்துக்கு எண்பது குடும்பம்."

"அதெல்லாம் படத்துல வராதும்மா. குழாய் இருக்குதா? ஒரு நீலப் புள்ளி. முடிஞ்சுது."

"தண்ணி வராத குழாய்க்கு எதுக்குங்க நீலம்?"

வாசலில் நின்றிருந்த ராஜகோபாலன் காதில் இது விழுந்துவிட்டது. அவர் உள்ளே வந்து படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "அம்மா கேக்கறது நியாயம். ஒவ்வொரு புள்ளிக்குப் பக்கத்துலயும் எத்தனை மணி நேரம், எத்தனை குடும்பம்னு எழுதுங்கோ. இது யாருக்குமே தோணலையே!"

அன்றிலிருந்து பஞ்சாட்சரத்தின் சுத்தமான படம் அம்மை வார்த்த முகம் மாதிரி எண்களாக மாறியது. அதுகூடப் பெரிதில்லை. ராஜகோபாலன் அந்த அம்மாளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். காபி வரவழைத்தார். "உங்க அபிப்பிராயம் என்ன?" என்று கேட்டார். பதினாலு வருஷ சர்வீஸில் பஞ்சாட்சரத்தின் அபிப்பிராயத்தை யாரும் கேட்டதில்லை. ஹாஜிரா பீ நோட்டைத் திறக்கும்போதெல்லாம் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த எழுத்து அவருக்குப் படிக்கத் தெரியாது. அந்தம்மாள் குரல் வந்தால்தான் அவர் பேனா நகரும் என்பதை நினைத்தாலே சோறு இறங்கவில்லை.

வீட்டிலும் நிம்மதி இல்லை. ஒருநாள் சாப்பிடும்போது ஹாஜிரா பீயின் பெயரைச் சொல்லிவிட்டார்.

"அந்த ஹாஜிராம்மாவா?" என்றாள் தேவானை, முகமெல்லாம் மலர. "எதிர்வீட்டுப் பொண்ணுக்குக் கொழந்தை குறுக்கே கிடந்தப்ப அவங்கதானே வந்து காப்பாத்தினாங்க! தங்கமான மனுஷி. உங்க ஆபீஸுக்கு வராங்கன்னு சொல்லவே இல்லையே?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"மோர்ச் சோத்தை ஏன் இப்படிப் பிசையறீங்க? கூழாப் போச்சு."

பங்குனி மாதம் ஒரு மத்தியானம் ஹாஜிரா பீ ஒரு பக்கத்தைப் புரட்டிப் படித்தார்.

"பாலத்தடிக் குப்பம். கால்வாய்க் கரை. வீடு நூத்திப்பத்து. குழாய் இல்லை. கக்கூஸ் இல்லை."

பஞ்சாட்சரம் நிமிர்ந்தார். நாற்பத்திரண்டில் அந்தக் குப்பத்தில் ஒரு குழாயும், வரிசையாக எட்டுக் கக்கூஸும் இருந்தன. அவரே இறங்கிப் போய் எண்ணியவர். 'இருந்துதேம்மா, என்ன ஆச்சு?' என்று கேட்டிருக்கலாம். மூன்றே வார்த்தை. அவருடைய பழைய படம் பொய்யில்லை, காலம் மாறிவிட்டது என்று சொல்லிக்கொண்டிருக்கலாம். ஆனால் எதிரே இருந்த அந்தக் குரல் 'இல்லை, இல்லை' என்று சொன்னபோது, வெள்ளைக்கார அதிகாரி தன் கையைக் குலுக்கிய அந்த நாளையே இல்லை என்று சொல்வதாக அவருக்குப் பட்டது.

அவர் பேனாவை மசியில் தொட்டார். ஒரு நீலப் புள்ளி. ஒரு சிவப்புப் புள்ளி, பக்கத்தில் எட்டு. ஹாஜிரா பீ அதற்குள் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். எதிரே உட்கார்ந்திருந்த அவருக்குப் படம் தலைகீழாகத்தான் தெரிந்தது.

மூன்று வாரம் கழித்து ஆறு இடங்களின் பட்டியல் தயாரானது. ராஜகோபாலன் உரக்கப் படித்தார். ஆறாவது இடம் பஞ்சாட்சரம் குடியிருந்த மயிலாப்பூர்ச் சந்து. கேட்டதும் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது, சந்தோஷத்தில்.

"பாலத்தடி இல்லீங்களே?" என்றார் ஹாஜிரா பீ.

ராஜகோபாலன் படத்தின் மேல் குனிந்தார். "அங்கே குழாய் இருக்கு, எட்டுக் கக்கூஸ் இருக்குன்னு போட்டிருக்கே!"

"இல்லீங்க. நான் இல்லைன்னுதான் படிச்சேன்."

இருவரும் பஞ்சாட்சரத்தைப் பார்த்தார்கள். "அம்மா படிச்சதைத்தான் நான் போட்டேன் சார்," என்றார் அவர். குரல் நடுங்கவில்லை. அது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஹாஜிரா பீ கண்ணாடியை மாட்டிக்கொண்டு நோட்டைத் தேடினார். "நோட்டுல இல்லைன்னுதான் இருக்குது…" என்று இழுத்தார். பிறகு மெதுவாக, "வேற பக்கத்தைப் பார்த்துப் படிச்சிட்டேனோ என்னமோ. அப்படின்னா என் தப்புதாங்க," என்றார்.

ராஜகோபாலன் முகம் மாறியது. "அப்போ மத்த இடமெல்லாம் எப்படிப் படிச்சேளோ? மூணு மாசக் கணக்கையும் சந்தேகப்படணுமே. எண்ணெல்லாம் எழுதாம வெறும் புள்ளியோட நிறுத்தியிருக்கலாம் போலிருக்கு." பட்டியல் ரெண்டு நாளில் போயாக வேண்டும். நாளைக்கு இரண்டு பேருமாகப் போய்க் குப்பத்தைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். அன்று அந்தம்மாளுக்குக் காபி வரவில்லை.

பஞ்சாட்சரம் வீட்டுக்குப் போகிற வழியில் தேவானைக்கு மூன்று முழம் மல்லிகைப்பூ வாங்கினார். "சந்துக்குக் குழாய் வரப் போவுது," என்றார். அவள் பூவையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தாள்.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கால்வாய்ப் பாலத்திலிருந்து இருவரும் இறங்கினார்கள். முதல் குடிசை வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்த முத்தம்மா எழுந்து ஓடிவந்தாள்.

"இன்னாம்மா, மறுபடியும் வந்துகினு கீறே? நல்லதாச்சு, என் பேரனைப் பாரு!"

"அப்புறம் பார்க்கிறேன். இங்க கக்கூஸ் எங்க இருக்குதுன்னு இவருக்குக் காட்டு."

"கக்கூஸா?" முத்தம்மா சிரித்தாள். "வாய்யா, காட்றேன்."

கூரையில்லாத சுவர்கள் எட்டுத் தடுப்பாக நின்றன. ஒரு தடுப்பில் ஆடு கட்டியிருந்தது. மற்றவற்றில் சுள்ளியும் கிழிந்த வலையும். நாற்பத்து மூன்று வெள்ளத்தில் கதவும் கூரையும் போய்விட்டன, குழாயும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது என்றாள். குழாய் இருந்த இடத்தில் ஒரு சாண் இரும்பு நீட்டிக்கொண்டிருந்தது.

"தண்ணிக்கு?" என்றார் பஞ்சாட்சரம்.

"பாலத்துக்கு அந்தாண்ட போவணும். அவங்கல்லாம் புடிச்சப்புறம்தான் எங்களை வுடுவாங்க."

"வெளிக்கு?"

முத்தம்மா அவரைப் பார்த்துச் சொல்லவில்லை, ஹாஜிரா பீயைப் பார்த்துச் சொன்னாள். "விடியறதுக்கு முன்னாடி கரைப் பக்கம் போய் வந்துடுவோம். அப்புறம் பொழுது சாயற வரிக்கும் அடக்கிக்கினு கெடக்கணும். அதுக்குன்னே தண்ணி குடிக்கிறதில்ல. வாயும் வயிறுமா இருந்தப்பகூட என் பொண்ணு குடிக்கலை. நீதான் திட்டினியே, நெனப்பு கீதா?"

பஞ்சாட்சரம் ஆட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அது நின்ற தடுப்பு அவர் எண்ணிய எட்டில் மூன்றாவது.

"ஏம்மா, புதுக் கொழாய் எங்களுக்கு வருமா?" என்று கேட்டாள் முத்தம்மா. "இங்க கக்கூஸ் கீதுன்னு எவன் எழுதினான்?"

அவர் வாயைத் திறப்பதற்குள் ஹாஜிரா பீ முந்திக்கொண்டார். "நான்தான் தப்பாப் படிச்சிட்டேன் முத்தம்மா. கோவிச்சுக்காதே."

முத்தம்மா மீன் நாற்றமடிக்கிற கையாலேயே அந்தம்மாள் கையைப் பிடித்துக்கொண்டாள். "உன் மேல எனக்கு இன்னா கோவம்? நீ இல்லன்னா எனக்குப் பொண்ணும் இல்ல, பேரனும் இல்ல."

பஞ்சாட்சரத்தால் அதைத் தாங்க முடியவில்லை. குப்பத்துப் பெண்களுக்காக மனம் இளகியது உண்மைதான். ஆனால் அதைவிடப் பெரிதாக அவரைக் குத்தியது வேறொன்று. அவர் செய்த தப்பையும் அந்தம்மாள் எடுத்துக்கொண்டாள். அதற்கும் அவளுக்குப் பிரியம்தான் கிடைக்கிறது. அவருடையதென்று மிச்சமிருந்தது அந்தத் தப்பு ஒன்றுதான்.

பாலத்தின் மேல் ஏறியதும் சொன்னார். "நீங்க சரியாத்தான் படிச்சீங்க."

"என்னங்க?"

"இல்லைன்னுதான் படிச்சீங்க. எனக்குக் காதுல விழுந்தது. நான்தான் என் பழைய படத்துல இருந்ததைப் போட்டேன்."

ஹாஜிரா பீ குடையை மடக்கினார். வெயில் முகத்தில் அடித்தது. "ஏன்?"

"உங்களைக் கண்டா எனக்கு ஆகலை," என்றார் பஞ்சாட்சரம். "உங்களைக் கூப்பிட்டுக் கேக்கறாங்க. என்னை யாரும் கேக்கலை."

அந்தம்மாள் குடையைப் பாலத்துச் சுவரில் சாய்த்துவைத்தார். "நேத்திக்கு வீட்டுக்குப் போய் என் கண்ணு போயிடுச்சுன்னு நெனச்சேன். எழுத்தே மாறித் தெரியுதுன்னா, நாளைக்கு ஒரு பிரசவத்துல கை தப்பினா என்ன செய்யறது? இனிமே எங்கயும் போகக் கூடாதுன்னு பிரசவப் பையை எடுத்துப் பரண் மேலே வெச்சிட்டேங்க." அவர் துப்பட்டியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இன்ஜினீயர்கிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்களே போய்ச் சொல்லுங்க."

அவர் போய்ச் சொன்னார். ராஜகோபாலன் கத்தவில்லை. படத்தை விரித்து, "திருத்துங்கோ," என்றார். இரண்டு புள்ளிகளையும் பஞ்சாட்சரம் பிளேடால் சுரண்டி எடுத்தார். "ஆறு இடம்தான். ஒண்ணை எடுத்தாத்தான் பாலத்தடியைச் சேர்க்க முடியும். கணக்குப்படி கடைசி இடம் உங்க சந்து." அதையும் பஞ்சாட்சரமே அடித்தார். "மூலையிலே உங்க பேர் வேண்டாம். கணக்கெடுத்தது ஹாஜிரா பீன்னு மட்டும் எழுதுங்கோ." பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினார்.

வீட்டில் தேவானை முகம் சுண்டிவிட்டது. பதினோரு வருஷமாக அடுத்த தெருக் கிணற்றிலிருந்து இடுப்பொடியச் சுமக்கிறவள். "வருதுன்னு சொன்னீங்களே, யாரு எடுத்தாங்க?"

"நான்தான்."

முழுக்கதையையும் கேட்டுவிட்டு அவள் குடத்தை ணங்கென்று வைத்தாள். "சந்துக் குழாய் போனாப் போகட்டும். அந்தம்மாகிட்ட மன்னிப்புக் கேட்டீங்களா?"

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பாலத்தின் மேல் எல்லாம் சொன்னார், அதை மட்டும் சொல்லவில்லை.

ஆவணியில் பாலத்தடிக் குப்பத்தில் குழாய் திறந்தார்கள். கதவு வைத்த பத்துக் கக்கூஸ்களுக்குச் சுண்ணாம்பு இன்னும் காயவில்லை. முதல் சொம்புத் தண்ணீரை முத்தம்மா ஹாஜிரா பீயிடம் நீட்டினாள். ஓரமாக நின்ற பஞ்சாட்சரத்துக்கு அப்போதும் சுருக்கென்றது. கூட்டம் கலைந்த பிறகு அருகே போனார்.

"அன்னிக்கே கேட்டிருக்கணும். மன்னிச்சுடுங்கம்மா."

ஹாஜிரா பீ அவரை நேராகப் பார்த்தார். "பொய் சொல்ல எனக்கு வராதுங்க. மனசு இன்னும் ஆறலை. ஆறினாச் சொல்றேன்."

அடையாறுப் பக்கத்துக் கணக்கு இன்னும் பாக்கி இருந்தது. மறுநாள் மத்தியானமும் அந்தம்மாள் வந்து எதிரே உட்கார்ந்து நோட்டைத் திறந்தார். ஒவ்வொரு வரியையும் பஞ்சாட்சரம் உரக்கத் திருப்பிச் சொல்லி, அவர் தலையசைத்த பிறகே புள்ளி வைத்தார். மார்கழி வரைக்கும் அப்படித்தான் வேலை நடந்தது. ராஜகோபாலன் வந்தால் அந்தம்மாளிடம்தான் பேசுவார். அந்த நேரங்களில் பஞ்சாட்சரம் தலை நிமிராமல், இல்லாத பிசிரைத் துடைப்பதுபோல நிப்பைத் துடைத்துக்கொண்டிருப்பார்.