மாஸ்டர் அழித்த கோடு

எங்கள் எஸ்டேட் கோயில் மண்டபத்தில் கணக்கு டியூஷன் எடுத்தவர் பெரிய கிராணியின், அதாவது எஸ்டேட் ஆபீஸ் தலைமைக் குமாஸ்தாவின், மருமகன். கோலாலம்பூரில் படித்தவராம். படித்த லட்சணம் முதல் நாளே பல்லிளித்தது. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடையைத் திருட்டுத்தனமாகப் பார்த்துவிட்டுத்தான் பலகையில் கையே வைப்பார். சந்தேகம் கேட்டால், "லயத்துக் கூலிப் புள்ளைங்களுக்கு இதெல்லாம் எங்க ஏறப்போவுது?" என்பார். அலட்டலுக்கு மட்டும் குறைச்சலே இல்லை.

நான் இடைநிலைப் பள்ளியில் மூன்றாம் பாரம் படித்துக்கொண்டிருந்தேன். வருடக் கடைசியில் அரசாங்கப் பரீட்சை. பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கும் என் அப்பா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: "கணக்கு வரும்னு சார் சொன்னா மேல படி. வராதுன்னா ரவாங் ஃபேக்டரிக்குப் போ. அவ்ளோதான் லா."

அந்த ஞாயிற்றுக்கிழமை அதைக் கேட்டுப்போக அப்பாவே வந்து மண்டபத்தின் பின்னால் நின்றார். மாஸ்டருக்குக் குஷி. என்னைப் பலகைக்குக் கூப்பிட்டார். x² + 3x + 10 என்று எழுதி, காரணிப்படுத்தச் சொன்னார். பெருக்கினால் பத்தும் கூட்டினால் மூன்றும் வர இரண்டு எண்கள் வேண்டும். ஒன்றும் பத்தும் பதினொன்று. இரண்டும் ஐந்தும் ஏழு. வேறு எங்கே போய்த் தேடுவது?

"இது பிரியாது சார்."

"புத்தகத்துல பிரிச்சிருக்கான், உனக்கு மட்டும் பிரியாதா?" என்று விடையை எழுதினார்: (x + 5)(x − 2).

மனசுக்குள் பெருக்கிப் பார்த்தேன். "மைனஸ் பத்துல்ல சார் வருது? நீங்க பிளஸ் போட்டிருக்கீங்க."

புத்தகத்தைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். மூஞ்சி சுண்டிப்போனது. பிறகு கட்டைவிரலால் பிளஸ்ஸின் நெட்டுக்கோட்டைத் தேய்த்து அழித்தார். மைனஸ் ஆகிவிட்டது. கொஞ்சமும் கூசாமல் அப்பாவிடம் திரும்பி, "குறியக்கூட ஒழுங்கா பாக்கத் தெரியலண்ணே. இதுக்குக் கணக்கு வராது. ஃபேக்டரிக்கே அனுப்பிருங்க" என்றார். சீ! தப்பை ஒப்புக்கொள்ளத் துப்பில்லாத ஜென்மம். இதற்குக் கழுத்தில் ஒரு டை வேறு.

"அப்பா, அவருதான் அழிச்சாரு!" என்று கத்தினேன். அப்பா, "சரிங்க சார்" என்று கும்பிட்டுவிட்டு என்னை வெளியே இழுத்துக்கொண்டு போனார்.

செம்மண் பாதையில் அழுதுகொண்டே நடந்தேன். பாதி வழியில் அப்பா சொன்னார்: "அழிச்சத நானும் பாத்தேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பின்ன ஏன்பா சும்மா இருந்தீங்க?"

"உன் அண்ணன் வேலைக்குக் கிராணிகிட்ட சொல்லி வச்சிருக்கேன். அவரு மருமவன்கிட்டப் போயி வாய் குடுக்கச் சொல்றியா?"

வீட்டுக்குள் நுழைந்ததும், அம்மா கேட்பதற்கு முன்பே, "இவளுக்குக் கணக்கு வரலயாம். சார் சொல்லிட்டாரு" என்றார்.

அண்ணனுக்கு வேலை கிடைத்தது. அந்த வருடத் திருவிழாவில், பிள்ளைகளுக்குக் கல்வி கொடுத்தாரென்று மாஸ்டருக்கு மாலை போட்டார்கள். அப்பாவும் கைதட்டினார். என் நீலப் பள்ளிச் சீருடையை அம்மா தங்கைக்குப் பிடித்துத் தைத்துக் கொடுத்தாள்.