குருசாமி அண்ணாச்சியின் கிஃப்ட் பாக்ஸ்

சரணாலயத்துக்கு வெளியே ஒரு புளியமரம். கோட்டைக்கு வெளியே ஒரு வேப்பமரம். அரண்மனைக்கு வெளியே ஒரு டீக்கடை பெஞ்சு.

இரண்டு வாரத்துக்கு முன்னால் நாங்கள் போன ஒருநாள் டூரில் குருசாமி அண்ணாச்சி பார்த்தது இவ்வளவுதான். முழு டிக்கெட் கொடுத்து வந்தவர்!

எப்படி என்று கேட்பீர்கள். அதற்கு முதலில் செல்வியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

செல்வி சிவகாசிக்குப் பக்கத்து விஸ்வநத்தத்துக்காரி. பயராபீஸில் வேலை பார்த்தவள் — பட்டாசு ஆலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிற வேலை. ஒருநாள் பக்கத்து ரூமில் தீப்பிடித்தது. ஆள் தப்பித்துவிட்டாள், வலது கை முழங்கை வரைக்கும் வெந்துபோனது. கை ஆறிவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு மருந்து ரூம் வாசலில் போய் நின்றால் கால் உள்ளே போக மாட்டேன் என்கிறது. கைக்கு டாக்டர் இருக்கிறார். காலுக்கு யாரிடம் போவது?

கொஞ்ச நாள் அட்டைப் பெட்டி ஒட்டினாள். கூலி பஸ்ஸுக்கும் டீக்கும் சரியாகப் போயிற்று. அப்போதுதான் இந்த டூர் யோசனை.

தீபாவளி முடிந்தால் எங்கள் ஊரில் கம்பெனிகள் கொஞ்ச நாள் அடைத்துக் கிடக்கும். ஆட்கள் வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். சரியாக அந்தச் சமயத்தில்தான் முதுகுளத்தூர்ப் பக்கத்துக் கண்மாய்களில் பறவைகளுக்கு சீசன். எங்களுக்கு லீவு, அவற்றுக்குக் கூடு கட்டுகிற வேலை. அங்கே ஒரு பறவைகள் சரணாலயம், வழியில் ஒரு பழைய கோட்டை, இன்னும் கொஞ்சம் தள்ளி ஒரு அரண்மனை. விடிய வேனில் ஏறினால் இரவு சாப்பாட்டுக்கு வீடு.

எல்லாம் சரி. மத்தியானச் சாப்பாடு?

கண்மாய்ப் பக்கம் ஹோட்டல் கிடையாது. பெண்கள் ஒதுங்க இடமும் கிடையாது. ஊருக்குள் ஒரு வீடு கதவைத் திறந்துவிட்டால்தான் டூர். அந்த வீடு பாக்கியத்தக்கா வீடு. செல்வி பஸ் மாறிப் பஸ் மாறிப் போய்ப் பேசியிருந்தாள். "ஒரு தடவ கூட்டிட்டு வா. ஆளுகளப் பாத்துட்டுச் சொல்றேன்" என்று பாக்கியத்தக்கா சொல்லியிருந்தார்.

சரி என்று சொன்னால் சீசன் முழுக்க ஞாயிறுதோறும் வேன் ஓடும். வேண்டாம் என்றால், கம்பெனி திறந்ததும் செல்வி மறுபடி அந்த மருந்து ரூமுக்கு. இதை என்னிடம் சொல்லும்போது அவள் அழவெல்லாம் இல்லை. பஸ் டைம் சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

நான் ஏன் போனேன்? என் பழக்கம் அப்படி. எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டு இறங்கியவன். தீப்பெட்டி ஆபீஸில் தீக்குச்சி அடுக்கி, லாரியில் கிளீனராகப் போய், சில ஊர்களில் பட்டினி கிடந்து, சில ஊர்களில் நன்றாகச் சாப்பிட்டு... ஒரு வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டால் இன்னமும் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்வதில்லை.

குருசாமி அண்ணாச்சி வந்ததற்கு வேறு காரணம். அவர் செல்வியின் பழைய போர்மேன். ரிட்டயர் ஆகிவிட்டார். "நம்ம புள்ள மொத தடவையா வண்டி எடுக்குது. சீட்டு காலியாப் போச்சுன்னா நல்லாருக்காது" என்று முதல் ஆளாகப் பணம் கட்டியவர். வேனில் என் பக்கத்து சீட். மடியில் ஒரு துணிப்பை. கீழேயும் வைக்கவில்லை, மேலேயும் வைக்கவில்லை.

"பையில என்ன அண்ணாச்சி?"

"வேட்டி மடிச்சு வச்சிருக்கேன். உமக்கு எதுக்குய்யா?"

வேட்டி அவ்வளவு சதுரமாக இருக்குமா என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

அருப்புக்கோட்டை தாண்டும்போது செல்வி கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். "இங்கன கொஞ்சம் கேளுங்க. நாம போற ஊர்ல தீபாவளி, கல்யாணம், திருவிழா எதுக்கும் வெடி போட மாட்டாக. பறவை மிரண்டுரும்னு. தலமுற தலமுறயா அப்பிடித்தான். அதனால அங்க போயி நம்ம ஊர்ப் பெருமைய யாரும் பேசிறாதீக."

பின்சீட்டு அக்கா ஒருத்தி, "ஊரே அப்பிடி இருந்துச்சுன்னா நம்ம பொழப்பு என்னாகும்டி?" என்றாள். வேன் முழுக்கச் சிரிப்பு.

அண்ணாச்சி சிரிக்கவில்லை. வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

(ஊர்ப் பெயரை நான் எழுதவில்லை. எழுதினால் அடுத்த வாரமே நீங்கள் கார் எடுத்துக்கொண்டு போய் ஹாரன் அடிப்பீர்கள்.)

கண்மாய்க் கரைக்குப் பக்கத்திலேயே வீடு. பாக்கியத்தக்கா வாசலில் நின்றார். நெடுநெடுவென்று உயரம், கையில் கரண்டி. "வாங்க, வாங்க. நல்லா வந்து சேந்தீகளா?"

வேனை விட்டு எல்லோருக்கும் முன்னால் இறங்கினார் அண்ணாச்சி. தோள் துண்டைச் சரிசெய்தார். துணிப்பையில் இருந்து இரண்டு கையாலும் ஏந்தி எடுத்தார் — ஒரு கிஃப்ட் பாக்ஸ்! பளபளவென்று அச்சடித்த, மேல்தட்டு கீழ்த்தட்டெல்லாம் உள்ள பெரிய பட்டாசுப் பெட்டி.

"எங்க ஊரு சாமான்த்தா. வீட்ல புள்ளைகளுக்கு."

சிவகாசிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். நாங்கள் எந்த ஊருக்குப் போனாலும், "எந்த ஊர்?" என்பது முதல் கேள்வி, "பட்டாசு எங்கே?" என்பது இரண்டாவது கேள்வி. டாக்டர் வீடு, சம்பந்தி வீடு, கோர்ட்டு குமாஸ்தா வீடு... எங்கே போனாலும் ஒரு பெட்டி. கை வீசிக்கொண்டு போக எங்களுக்குத் தெரியாது. அண்ணாச்சிக்கு, செல்வியின் காரியம் நல்லபடியாக முடிய வேண்டும். அதற்கு அவருக்குத் தெரிந்த ஒரே வழியைச் செய்தார்.

பாக்கியத்தக்கா கரண்டியோடு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டார்.

"ஏத்தா செல்வி... எங்க ஊரப் பத்தி இவுகள்ட்ட ஒண்ணும் சொல்லலையா நீயி?"

செல்வி வெந்த கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். டிரைவர்தான் பேசினார்: "என் வண்டியிலயா இது வந்துச்சு? யாருய்யா இம்புட்டு நெஞ்சழுத்தக்காரரு! மூணு தடவ பீடியப் பத்த வைக்கப் போயி, வேணாம்னு வச்சுட்டேன். சாமி காப்பாத்துச்சு."

"முன்ன ஒரு வெளியூர்க் கல்யாணக் கோஷ்டி தெரியாம ஒரு சரவெடி போட்டுச்சுக. அம்புட்டுத்தான். கெளம்பிப் போன பறவை அந்த வருசம் திரும்பல. கூட்டுல குஞ்சுக கத்திக் கத்தி விழுந்துச்சு. நான்தான் பொறக்கிப் போட்டேன்" என்றார் பாக்கியத்தக்கா. சத்தம் போட்டுச் சொல்லவில்லை. "இது மொதல்ல எல்லையத் தாண்டட்டும். மத்தத அப்புறம் பேசுவோம்."

அண்ணாச்சி பெட்டியைப் பைக்குள் வைத்தார். "தப்புத்தான்த்தா. எனக்குத் தெரியல" என்று சொல்லிவிட்டு வந்த வழியே நடக்க ஆரம்பித்தார்.

நான் பின்னாலேயே ஓடினேன். "மெயின் ரோட்டுப் புளியமரத்தடியில வச்சுட்டு வந்துருங்க அண்ணாச்சி."

"பட்டாச அநாதையா விட்டுட்டு வரச் சொல்றீரா? ஆடு மேய்க்கிறவன் எவனாச்சும் பீடியப் போட்டா? நீரு போயி பறவையப் பாரும்."

போனேன். பார்த்தேன். கண்மாய்க்குள் கருவேல மரங்கள் தண்ணீரில் நிற்கின்றன; ஒவ்வொரு மரமும் பறவைகளின் பாரத்தில் சாய்ந்து கிடக்கிறது. கூழைக்கடா, நத்தை குத்தி நாரை, அரிவாள் மூக்கன்... செல்வி விரலை நீட்டி நீட்டிச் சொன்னாள். குரல்தான் இறங்கிப்போயிருந்தது. கரையில் ஏறும் முன்னால் எங்களுக்கு ஒரே ஒரு வரிதான் சொன்னாள்: "மருந்து ரூமுக்குள்ள நடக்குற மாதிரி நடங்க."

அவ்வளவுதான். அத்தனை பேரும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்கள். தேய்த்து நடக்கவில்லை, ஓடவில்லை, எதையும் கீழே போடவில்லை. பேச வேண்டியதைக் கண்ணால் பேசிக்கொண்டார்கள். உயிர்ப் பயத்தில் பழகிய நடை அது. வேறு எதற்காவது பயன்படும் என்று நாங்கள் யாரும் நினைத்ததில்லை. தலைக்கு மேலே கைக்கு எட்டுகிற தூரத்தில் ஒரு நாரை குஞ்சுக்கு ஊட்டிக்கொண்டிருந்தது. எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கரையின் அந்தக் கோடியில் பாக்கியத்தக்கா நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நாரையை அவர் தினமும் பார்க்கிறார். எங்களைத்தான் பார்த்தார்.

சாப்பாடு போட்டார். குண்டு மிளகாய் அரைத்த கோழிக் குழம்பு. மூக்கில் தண்ணீர் வந்தது. செல்வி பரிமாறிக்கொண்டே இருந்தாள், ஒரு வாய் சாப்பிடவில்லை. கடைசிப் பந்தி முடிந்ததும் ஒரு இலை மிச்சம்.

"அந்த அண்ணன் எங்க?" என்றார் பாக்கியத்தக்கா.

"புளியமரத்தடியில..." என்றேன்.

"இன்னமுமா உக்காந்திருக்காக?"

தூக்குச்சட்டியில் சோறு, குழம்பு. தண்ணீர்ச் செம்பை என் கையில் கொடுத்தார். வெயிலில் நடந்து போனோம். அண்ணாச்சி பையை நிழலில் வைத்து, தான் வெயிலில் உட்கார்ந்திருந்தார்.

அவர் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் பாக்கியத்தக்கா எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். அப்புறம் ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"அந்தப் பெட்டியத் தொறங்கண்ணே. என்னதான் இருக்குன்னு பாப்போம்."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். திறந்தார். தரைச் சக்கரம், புஸ்வாணம், சாட்டை, கம்பி மத்தாப்பு... ஒவ்வொன்றாக எடுத்து, எது எப்படிச் சுற்றும், என்ன கலரில் பூக்கும் என்று சொன்னார். பாக்கியத்தக்கா ஒரு மத்தாப்பை எடுத்து மோந்து பார்த்தார்.

"எங்க அப்பா வீட்டுல கை நெறயக் குடுப்பாக. இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்ததுல இருந்து தொட்டதில்ல. அதே வாசம்."

"எங்களுக்கு இதுல என்ன வாசம் இருக்குன்னே தெரியாதுத்தா. மூக்கு செத்துப்போயி ரொம்ப நாளாச்சு."

"இதுல சத்தமில்லாதது எது?"

"நீ கையில வச்சிருக்கது. பொறி மட்டும்தான் வரும்."

கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். கண்மாய் இருக்கிற திசையைப் பார்த்தார். "பொக வரும்ல?" என்று மத்தாப்பைத் திரும்ப வைத்துவிட்டார். பிறகு பெட்டியின் மூடியை எடுத்துத் தடவினார். ஏதோ ஒரு வெள்ளைக்காரக் கோட்டை, அதற்கு மேலே வானம் பூராவும் வாணவேடிக்கை.

"இந்தக் கோட்டைக்குத்தான் இப்பப் போறீகளா?"

"அது வேறத்தா. இது எங்க ஊரு பிரஸ்ல அச்சடிச்ச கோட்டை" என்றேன்.

"அட்டை நல்லா கனமாருக்கு. எம் மக வளையல் போட்டு வைக்கும். பெட்டிய மட்டும் குடுங்கண்ணே."

அண்ணாச்சி பட்டாசையெல்லாம் தோள் துண்டில் கொட்டி முடிந்தார். பெட்டியைத் தட்டித் துடைத்து, மறுபடியும் இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்தார். இந்தத் தடவை பாக்கியத்தக்காவின் கை முன்னால் வந்தது.

வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போது பாக்கியத்தக்கா என்னிடம் கேட்டார்: "இம்புட்டுப் பேரு வந்து ஒரு குருவிகூட எந்திரிக்கல. எங்க படிச்சுட்டு வந்தீக அந்த நடைய?"

பயராபீஸில் என்றேன். வீட்டு வாசலில் செல்வி எழுந்து நின்றாள். பாக்கியத்தக்கா காலிப் பெட்டியை அலமாரியில் வைத்துவிட்டு, தூக்குச்சட்டியைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"அடுத்த ஞாயித்துக்கெழம எத்தன இலை போடணும்?"

செல்வி அடுப்படிக்குள் போய் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். காலையில் இருந்து சாப்பிடாத பசி.

அப்புறம் கோட்டை. வாசல் காவல்காரர் துண்டு முடிச்சைப் பார்த்து, "என்ன அது?" என்றார். அண்ணாச்சி நேராக வேப்பமரத்தடிக்குப் போய்விட்டார். நாங்கள் உள்ளே போய், வெடிமருந்து வைக்கிற இருட்டு அறையைப் பார்த்துவிட்டு வந்து அவரிடம் சொன்னோம்.

"வாசல் எத்தன?"

"ஒண்ணுதான் அண்ணாச்சி."

"ஒண்ணா? தீப்பிடிச்சா ஆளு எங்கிட்டு ஓடும்? ராஜாவா இருந்தாலும் லைசென்ஸ் கெடைக்காது" என்றார். செல்விதான் முதலில் சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

அரண்மனைக்குப் போய்ச் சேர்ந்தபோது கதவை அடைத்துவிட்டார்கள். அங்கே நாங்கள் எல்லோருமே வெளியேதான். டீக்கடை பெஞ்சில் நடுவில் உட்கார்ந்து, ரொம்ப சந்தோஷமாக டீ குடித்தவர் அண்ணாச்சி ஒருத்தர்தான்.

துண்டில் இருந்த பட்டாசை மறுநாள் கம்பெனி வாட்ச்மேனிடம் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டார்.

போன ஞாயிறு இரண்டாவது டிரிப். வேன் வாசலில் செல்வி நின்று ஒவ்வொரு பையாகப் பார்த்து ஏற்றினாள். எங்கள் ஆலை வாசலில் தீப்பெட்டி இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார்கள். இவள் பட்டாசு இருக்கிறதா என்று பார்க்கிறாள். குருசாமி அண்ணாச்சி முதல் ஆளாக இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார். காலடியில் ஒரு பெரிய மூட்டை.

"அண்ணாச்சி! மறுபடியுமா?"

"தொறந்து பாரு புள்ள."

பிரித்தாள். பத்துப் பன்னிரண்டு கிஃப்ட் பாக்ஸ். எல்லாம் காலி. பாக்கியத்தக்காவிடம் இருந்து அண்ணாச்சிக்கே போன் வந்திருந்ததாம் — தெருவில் மற்ற வீட்டுக்காரிகளும் கேட்கிறார்களாம்.

வெறும் பெட்டி கொண்டுபோனாலும் சிவகாசிக்காரனுக்கு இலை போடுகிற ஊர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது!